அடுக்கண்ணன் நீக்கிய இரண்டாவது ஐகான்

அடுக்கண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அந்தப் பெரிய கடையில் சாமான் அடுக்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். சோப்பு எங்கே, பிஸ்கட் எங்கே, உப்பு எத்தனை வரிசை என்பதெல்லாம் அவர் கண்ணசைவில் நடக்கும். ஒரு பொருளுக்கு ஓர் இடம் என்பது அவர் கொள்கை. அதே பொருள் இன்னோர் அலமாரியிலும் தலைகாட்டிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. "ரெண்டு இடத்துல இருந்தா கஸ்டமர் குழம்பிடுவாங்க" என்பார். குழம்புவது கஸ்டமர் இல்லை என்று கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

இந்தப் புத்தி கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கிற செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். "இவரோட ஒரு வீட்டுக்குப் போக முடியல. வாசல்லயே பாதி நேரம் போயிடுது" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அண்ணன் அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட மனிதர் கையில் மருமகன் ஒரு ஸ்மார்ட்போனைக் கொடுத்தான். கொஞ்ச நாளில் போனின் முகப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. எங்கே கை பட்டதோ, கேமரா இரண்டு, கடிகாரம் மூன்று என்று ஒரே ஐகான் திரும்பத் திரும்ப முளைத்தது. அவருக்குக் கை ஊறியது. யாரையும் கேட்கவும் மானம் விடவில்லை. தானே தடவித் தடவி ஒருநாள் வழியைக் கண்டுபிடித்தார். ஐகானை அழுத்திப் பிடிக்க வேண்டும், மேலே 'ரிமூவ்' என்று வருகிற இடத்துக்கு இழுத்துப்போய் விட வேண்டும். ஐகான்தான் போகும், ஆப் போகாது. அலமாரியிலிருந்து எடுத்தாலும் குடோனில் சரக்கு இருக்கிற மாதிரி. இந்தக் கணக்கு புரிந்த அன்றைக்கு அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு கடையில் ஒருத்தர் போனையும் அவர் விட்டுவைக்கவில்லை. சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தால் ஆளாளுக்குப் போனை நீட்டினார்கள். வாட்ச்மேன் போனில் ஒரே விளையாட்டு அரை டஜன் தடவை உட்கார்ந்திருந்தது. மேனேஜர் போனிலேயே கால்குலேட்டர் நாலு. அதைச் சுத்தம் செய்து கொடுத்ததும் மேனேஜர் தோளில் தட்டி, "அண்ணே, நீங்க இருக்க வேண்டிய இடமே வேற" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, அண்ணன் அதை வீட்டில் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கவுண்டரில் பில் போடும் பெண் அதிகம் பேசாதவள். வருவாள், வேலையைப் பார்ப்பாள், போவாள். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்பதற்கு மேல் அவளைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவளும் ஒருநாள் போனை நீட்டினாள்.

"இதையும் கொஞ்சம் பாருங்கண்ணே. டார்ச் மட்டும் மூணு இருக்கு. எதை அமுக்கறதுன்னே தெரியல."

அதற்குள் கவுண்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினாள். அண்ணன் இரண்டு டார்ச்சை நீக்கினார். அத்தோடு போனை மூடி வைத்திருக்கலாம். ஆனால் கீழ் வரிசையில், எல்லோரும் மெசேஜ் அனுப்புகிற அந்த ஆப்பின் ஐகான் இரண்டு, அடுத்தடுத்து இருந்தது. இரண்டாவதன் ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு சின்ன அடையாளம். முதலில் போன் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துச் சட்டை நுனியால் துடைத்தார். போகவில்லை.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. தேதி நெருங்கிய பாக்கெட்டின் ஓரத்தில் வட்டமாக ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒரே பொருள் இரண்டு இருந்தால் ஸ்டிக்கர் உள்ளதுதான் பழசு, அதைத்தான் முதலில் அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும். இத்தனை வருடமாக அந்த ஸ்டிக்கரைப் பார்த்தால் அவர் கை தானாகப் போகும். இப்போதும் போயிற்று.

போன் என்றைக்கும் இல்லாமல் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதி ஏதோ கேட்டது. டார்ச்சை எடுத்தபோது இப்படிக் கேட்கவில்லையே என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் சுற்றிலும் நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டினால் அண்ணனின் மதிப்பு என்னாவது? ஓகே என்பதை அழுத்தினார். ஐகான் போய்விட்டது. "பார்த்தீங்களா, இப்பதான் முகம் தெளிஞ்சிருக்கு" என்று போனை அவள் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் அதே அறையில், அதே நாலு பேருக்கு நடுவில் அவள் கேட்டாள். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, நேத்து நீங்க பார்க்கும்போது மெசேஜ் ஆப் ரெண்டு இருந்துச்சா? ஒண்ணைக் காணோம்."

நான்தான் எடுத்தேன், ஏம்மா, என்ன ஆச்சு என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? வாட்ச்மேன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"இருந்துச்சும்மா. ரெண்டும் இருந்துச்சு. நான் அதுல கையே வைக்கல."

"அப்போ வீட்லதான் போயிருக்கு" என்றாள் அவள். அவரைச் சந்தேகப்படவில்லை. ஒழுங்குக்குப் பெயர் போன மனிதர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்?

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் நேரே வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனையில் போன் ரிப்பேர் செய்பவனிடம், யாரோ தெரிந்தவர் போனில் இப்படி ஆகிவிட்டது என்று சுற்றி வளைத்துக் கேட்டார். அவன் ஸ்குரூவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

"ஓரத்துல ஒரு குறி இருந்துச்சா? அது ரெண்டாவது ஐகான் இல்ல சார், ரெண்டாவது ஆப். அதுக்குத் தனி நம்பர், தனி மெசேஜ். எடுத்தா உள்ள இருக்கறதும் சேர்ந்து போயிடும். எடுக்கட்டுமான்னு போனே கேட்டிருக்குமே."

"திரும்ப வராதா?"

"வேற இடத்துல காப்பி எடுத்து வச்சிருந்தா வரும். இல்லன்னா போனது போனதுதான்."

குடோனையே காலி செய்துவிட்டோம் என்று அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்போதும் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வராததில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து நினைத்துப் பின்னால் அவர் கூசிப்போனார்.

மூன்றாம் நாள் பில் மெஷினுக்குப் பேப்பர் ரோல் எடுக்கக் குடோனுக்கு வந்தாள். அங்கே அண்ணன் மட்டும்தான் இருந்தார். ரோலைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றாள்.

"உங்ககிட்ட சொல்றதுக்கு என்னண்ணே. என் பொண்ணுக்கு இன்னும் சரியாப் பேச்சு வரல."

அண்ணன் நிமிர்ந்தார்.

"கடையில யார்கிட்டயும் சொன்னதில்ல. ஒருதடவை பஸ்ல ஒருத்தங்க ஊமையான்னு கேட்டுட்டாங்க. அதுலேர்ந்து வெளிய சொல்றதே இல்ல. பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்குன்னே இன்னொரு நம்பர் வச்சு, அவ வாயிலேர்ந்து என்ன சத்தம் வந்தாலும் அந்த ரெண்டாவது ஆப்லயே பதிவு பண்ணி எனக்கு நானே அனுப்பிக்குவேன். முதல்ல 'ம்ம்ம்'னு மட்டும் வரும். அப்புறம் 'மா'. அப்புறம் ஒருநாள் முழுசா அம்மான்னா. எல்லாம் அதுலதான் இருந்துச்சு. டீச்சருக்கு அனுப்பினது ஒண்ணு ரெண்டு இருக்கு, அவ்வளவுதான்."

"மறுபடியும் சொல்லச் சொல்லிப் பதிவு பண்ணிக்கலாமேம்மா" என்றார் அண்ணன். சொன்ன பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது.

"இப்ப அம்மான்னு நல்லாவே சொல்லுவாண்ணே. முதல்ல திணறித் திணறிச் சொன்னாளே, அந்த மாதிரி இனிமே சொல்ல மாட்டா." ரோலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "போனது கூடப் பரவாயில்ல. அவதான் போனை எடுத்து நோண்டியிருக்கான்னு ஆத்திரத்துல அடிச்சுட்டேன். நல்லா அடிச்சுட்டேன். அதுலேர்ந்து வாயே திறக்க மாட்டேங்கறா. அம்மான்னு கூடக் கூப்பிடல. பயிற்சிக்குப் போனா டீச்சர் என்ன நடந்துச்சுன்னு கேட்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ கவுண்டரிலிருந்து குரல் கொடுக்க, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தார். பிறகு வேலை நேரம் முடிகிறவரை எதை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. பிஸ்கட் வரிசையில் சோப்பு இருந்ததாக அடுத்த நாள் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். வழக்கமாக அவரைக் கிண்டல் செய்கிறவள் கிண்டல் செய்யவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"உங்களுக்கு விழ வேண்டிய அடியைப் பச்சைப் பிள்ளை வாங்கியிருக்கு" என்றாள். "இங்க உட்கார்ந்து என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? போய் அங்க சொல்லுங்க."

பில் போடும் பெண்ணுக்கு அடுத்த நாள் வார லீவு என்று தெரிந்து அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனார். மாடியில் ஒற்றை அறை. வழி நெடுகப் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனவர்தான். தெரியாமல் நடந்தது என்று ஆரம்பிக்க வேண்டும், கண் சரியாகத் தெரியவில்லை என்று சேர்த்துக்கொள்ள வேண்டும், அடையாளம் ஸ்டிக்கர் மாதிரி இருந்தது என்று விளக்க வேண்டும். வாசலில் பெரிய செருப்பும் சின்னச் செருப்பும் ஆளுக்கொரு பக்கமாகக் கிடந்தன. அதைத் தொடுகிற தைரியம் அவருக்கு இல்லை.

கதவைத் திறந்தவள், "வாங்கண்ணே, என்ன இவ்வளவு தூரம்" என்றாள். ஜன்னலுக்குக் கீழே அந்தக் குழந்தை காலை நீட்டி உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. கன்னம் சாதாரணமாகத்தான் இருந்தது. அண்ணன்தான் அங்கே தடம் தேடினார்.

தயார் செய்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நான்தாம்மா அதை எடுத்தேன்" என்றார். "ஒரே மாதிரி ரெண்டு இருக்குன்னு எடுத்துட்டேன். நீ கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

அவர் எதிர்பார்த்தது திட்டு. அது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கேட்டேனேண்ணே" என்றாள் மெல்ல. "எல்லார் முன்னாடியும் உங்களைக் கேட்டேனே. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவளைத் தொட்டிருக்க மாட்டேனே. அன்னைக்கு வேலை முடிஞ்சு வந்துதான் அடிச்சேன்."

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"என்கிட்ட சொல்லாதீங்க. அடி வாங்கினது அவ. அவகிட்ட சொல்லுங்க."

ஐம்பத்தைந்து வயது மனிதர் முட்டி போட்டு உட்கார்ந்தார். குழந்தை டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டது.

"பாப்பா, அம்மா போன்ல அதை எடுத்தது மாமாதான். நீ இல்ல. நீ ஒண்ணுமே பண்ணல. மாமாதான் தப்பு பண்ணேன்."

குழந்தை அவரைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தது. உதடு ஒருமுறை கூடிப் பிரிந்தது. சத்தம் வரவில்லை. இன்னொரு முறை முயன்றது.

"நா... இல்ல."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இரண்டு சொல்லைச் சேர்த்து அந்தக் குழந்தை இதுவரை பேசியதில்லை. போன் அவள் பக்கத்தில்தான் கிடந்தது. பதிவு செய்ய அதன் பக்கம் அவள் கை போகவில்லை.

"அன்னைக்கும் இதைத்தான் சொல்ல வந்திருக்கா" என்றாள். "அடிக்க அடிக்க இல்ல, இல்லன்னா. என்னையே எதிர்த்துப் பேசறியான்னு இன்னும் ரெண்டு போட்டேன்."

அண்ணன் கை கூப்பினாரா, ஏதாவது சொன்னாரா என்று அவருக்கு நினைவில்லை. "நீங்க போங்கண்ணே" என்று அவள் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து வெளியே வந்து படியிறங்கினார். வழி கண்டுபிடித்துவிட்ட அந்தக் குரல் உள்ளே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது, நா இல்ல, நா இல்ல என்று. இப்போது அந்தக் குழந்தையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.