குட்டை சிஸ்டர் மீது ஒரு புகார்

எங்கள் பெரியம்மா தொலைபேசி அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். ஊரார் திட்டியதையெல்லாம் தேதி போட்டு எழுதிக்கொண்டது போதாதென்று, ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து தானே புகார் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். தெருவிளக்கு, பஸ் நேரம், எதையும் விட்டுவைக்கவில்லை. பெரியப்பாவின் குறட்டையைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அதற்கு எந்த அலுவலகம் என்று தெரியாததால் இருக்கலாம்.

அறுபத்து மூன்று வயதில் அவருக்கு மார்பில் புற்றுநோய் என்றார்கள். பெரியப்பா அழுதார். பெரியம்மா புது நோட்டு ஒன்று வாங்கினார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும். துணைக்கு நான் போவேன். அந்த வார்டு நர்ஸ் ஐந்தடி கூட இருக்கமாட்டார். மருந்துப் பையை மாட்டுவதற்கே ஸ்டூல் மேல் ஏறுவார். பெரியம்மா அவருக்குக் குட்டை சிஸ்டர் என்று பெயர் வைத்தார். முதல் நாளே மோதல்.

"பேர் சொல்லுங்கம்மா. பிறந்த தேதி?"

"இப்பத்தானே சொன்னேன். அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

"ஞாபகம் இருக்கும்மா. ஆனா மருந்து மாறிடக் கூடாதுல்ல? ஒவ்வொரு பைக்கும் கேட்பேன். நீங்க திட்டினாலும் கேட்பேன்."

முறைப்படி வேலை செய்கிறவரைப் பெரியம்மாவால் வெறுக்க முடியாது. இருந்தாலும் நோட்டில் எழுதினார்: "10.20. ஒரே கேள்வி இரண்டு முறை."

ஊசி குத்த நரம்பு லேசில் அகப்படாது. குட்டை சிஸ்டர் கையின் மேல் வெந்நீர்ப் பையை வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பார். பெரியம்மா குடிநீர் அலுவலகத்தைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி உள்ளே போயிருக்கும். "குத்தியாச்சா? சொல்லவே இல்லையே!" என்று அதற்கும் ஒரு சத்தம்.

இரண்டாவது முறைக்குப் பிறகு முடி கொட்டிவிட்டது. தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தவர் அன்று நோட்டைக்கூட வெளியே எடுக்கவில்லை. சிஸ்டர் துணியை மெல்ல விலக்கிப் பார்த்தார்.

"தலை நல்ல உருண்டையா இருக்கும்மா. எல்லாருக்கும் இப்படி அமையாது."

"எல்லார்கிட்டயும் இதையேதானே சொல்வீங்க?"

"மூணாம் பெட் ஐயாகிட்ட சொல்லலையே."

"எனக்குக் காது நல்லாவே கேக்குது சிஸ்டர்" என்றார் மூன்றாம் பெட்காரர். பெரியம்மாவும் சிரித்துவிட்டார்.

நான்காவது முறை, மருந்து ஓட ஆரம்பித்த பத்தாவது நிமிடம் பெரியம்மாவுக்கு மூச்சு முட்டியது. உடம்பு தூக்கிப் போட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் மருந்தை நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட்டு, ஆக்ஸிஜன் வைத்துவிட்டார். எல்லாம் அடங்கிய பிறகும், டியூட்டி முடிந்த பிறகும், பெரியம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்று பெரியம்மா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"பயப்படுங்கம்மா. நான் இங்கதான் இருக்கேன்."

அந்த வாரமே பெரியம்மா மருத்துவமனை நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். வாழ்நாளில் யாரையும் பாராட்டி எழுதிப் பழக்கமில்லாத கை, தெரிந்த வழியிலேயே போனது. "மேற்படி நர்ஸ், பணி நேரம் முடிந்த பின்பும், யாரும் கேட்காமலேயே, என் கையை நாற்பது நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தார். முந்தைய தேதிகளிலும் இவ்வாறே நடந்துகொண்டுள்ளார். தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஐந்தாவது முறை போனபோது சிஸ்டரின் முகம் செத்துப்போயிருந்தது.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்? விளக்கம் கேட்டிருக்காங்க."

பெரியம்மாவுக்கு அப்போது வெறும் சலைன்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டை உருட்டிக்கொண்டே நிர்வாக அதிகாரியின் அறைக்குப் புறப்பட்டுவிட்டார். பின்னால் நான். எனக்குப் பின்னால், "ஓடாதீங்கம்மா, ஊசி நழுவிடும்" என்று கெஞ்சியபடி குட்டை சிஸ்டர்.

"நான் பாராட்டித்தான் சார் எழுதியிருக்கேன்!"

"தக்க நடவடிக்கைன்னு போட்டிருக்கீங்களேம்மா?"

"ஏன், நல்லது செஞ்சவங்க மேல நடவடிக்கை எடுக்கக் கூடாதா?"

அதிகாரி கடிதத்தை மறுபடி படித்தார். சிரிப்பை அடக்க மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "பாராட்டுன்னு புரியற மாதிரி ஒரு வரி சேர்த்துடுங்க" என்றார். பெரியம்மா நின்றபடியே யோசித்து எழுதினார்: "இவர் இல்லாவிட்டால் நான் பாதியிலேயே நிறுத்தியிருப்பேன்." சிஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறும் முடிந்து மூன்று வருடமாகிறது. பெரியம்மா நன்றாக இருக்கிறார்.

போன மாதம் சிஸ்டரின் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, அதே மருத்துவமனையில் ஆபரேஷன். கேள்விப்பட்டதும் பெரியம்மா போய் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எத்தனையோ பேரைத் தேற்றிய சிஸ்டர் அன்று தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பெரியம்மாவுக்கோ ஆறுதல் சொல்லத் தெரியாது. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டு, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னதும், சிஸ்டர் பெரியம்மாவின் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டார். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் பெரியம்மாவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. பெரியப்பா நான்கு நாள் தைலம் தேய்த்தார்.