திரையை இழுத்துவிட்டு எழுதியது

உப்பளத்து ஓனரைப் பற்றி ஆரோக்கியராஜ் பேப்பருக்குப் பேட்டி கொடுத்துவிட்டான் என்று மரக்காணம் பூராவும் பேச்சு. அதைக் கடைசியாகக் கேள்விப்பட்டவன் ஆரோக்கியராஜ்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே பேப்பர்காரன் காலையில் சைக்கிளில் வந்து போடுகிறவன். அவனும் இவன் வீட்டுக்குப் போடுவதில்லை.

பார்த்துவிடுவோமே என்று நூலகத்துக்குப் போனான். ஞாயிறு இணைப்பில், ‘இணையத்தில் கேட்டவை’ என்ற பத்தியில் இருந்தது: “கூலி நாளானால் எங்க ஓனர் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். மழை வரும்போல இருக்குதே, அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். சித்திரை வெயிலிலும் அவர் கண்ணுக்கு மட்டும் மேகம் தெரியும்.” கீழே கொட்டை எழுத்தில், ஆரோக்கியராஜ், உப்பளத் தொழிலாளி, மரக்காணம்.

அவன் எழுதியதுதான். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. ஷாகுல் ஹமீது பாயின் பிரவுசிங் சென்டரே கதி. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பத்துப் பேர் தமிழில் அரட்டை அடிக்கும் தளம் ஒன்றில்தான் அதை எழுதினான். உள்ளே போனதும் பெயர், ஊர், தொழில் என்று கட்டம் கட்டிக் கேட்டது. பேங்க் சலான் மாதிரி ஒளிக்காமல் நிரப்பினான். கம்ப்யூட்டரைச் சுற்றி பிளைவுட் தடுப்பு, தடுப்புக்குப் பூப்போட்ட திரை. திரையை இழுத்துவிட்டு எழுதியது வெளியே போகாது என்று நம்பினான். மூடிய திரைக்குள்தான் உலகமே உட்கார்ந்திருக்கிறது என்பதை பாயும் சொல்லவில்லை.

2006 பொங்கல் கழிந்தது. வழக்கப்படி மேஸ்திரி கலியன் வீடு வீடாக வந்து, “மண்வெட்டிய எடுத்துக்கினு வாப்பா” என்று குரல் கொடுத்தார். குரல் வந்த வீட்டுக்கு அந்த வருஷம் வேலை; வராத வீட்டுக்கு இல்லை. பக்கத்து வீட்டில் குரல் கொடுத்தவர் இவன் வாசலைத் தாண்டி நடந்தார்.

“இன்னா மேஸ்திரி, என் வூடு கண்ணுக்குத் தெரியலையா?”

“வானத்தப் பாத்துக்கினு வந்தம்பா, தெரியல. நீ எழுதலன்னு அதே பேப்பர்ல போடச் சொல்லு. அப்பால ஓனராண்ட நான் பேசறேன்.”

பாய் கடையிலிருந்தே பேப்பர் ஆபீஸுக்குப் போன் போட்டான். உதவி ஆசிரியர் ஒருவர் எடுத்தார்.

“என்னைக் கேக்காம போட்டுட்டீங்க சார்.”

“நீங்க எழுதினதுதானே?”

“நான்தான். ஆனா உங்களுக்கு எழுதலையே.”

“நெட்டுல போட்டா ஊருக்கே போட்ட மாதிரிங்க. தெருச் சுவத்துல எழுதிட்டு, போறவன் வர்றவன் படிக்கக் கூடாதுன்னா?”

“படிக்கட்டும் சார். செவுத்தையே பேத்துக்கினு போயி எங்க ஓனர் வூட்டு வாசல்ல நடலாமா?”

அந்தப் பக்கம் சிரிப்பு. “பிரமாதம்! இதையும் போட்டுக்கலாமா?”

“வேணாம் சார்! உங்க பேப்பர் அடியிலயே, இதுல வர்றத அனுமதியில்லாம எடுத்தாளக் கூடாதுன்னு போட்டிருக்கீங்களே.”

“அது பத்திரிகைங்க. அது வேற.”

“அப்ப நான் எழுதலன்னாவது போடுங்க.”

“எழுதினேன்னு இப்பதான சொன்னீங்க?”

உதவி ஆசிரியருக்கே கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். “பேர் வந்தவங்களுக்கு ஒரு காப்பி இலவசமா அனுப்பறது எங்க வழக்கம். உங்களுக்கு பாக்கி நிக்குது. அட்ரஸ் சொல்லுங்க” என்றார்.

சொன்னான்.

மாசி பிறந்து, பாத்திகளில் தண்ணீர் ஏறிவிட்டது. ஆரோக்கியராஜ் தினமும் வானூருக்கு பஸ் ஏறி மூட்டை தூக்குகிறான். அந்த ஒரு காப்பி இன்னும் வந்தபாடில்லை.