கொஞ்சம் லைன்ல இருங்க

பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ஜன்னலில்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, வருகிற போன்களை அந்தந்த வார்டுக்கு மாற்றிவிடுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு ‘ஹலோ அக்கா’ என்றுதான் பெயர். தலைமை டாக்டரே அப்படித்தான் கூப்பிடுவார்.

அதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி ஐ.சி.யூ.வில் அவள் கணவர் பதினோரு நாளாகக் கண் திறக்காமல் கிடந்தார். இருபது வருஷம் பஸ்ஸில் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனுஷர், வீட்டில் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டார். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? ஆண்டவரிடம்தான். அங்கேதான் சிக்கலே. “பரலோகப் பிதாவே” என்று ஆரம்பிப்பாள், போன் அடிக்கும். டெலிபோன் போர்டில் ஐ.சி.யூ. லைனின் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, கெட்ட செய்தியோ என்று எடுக்கவே மாட்டாள். “நீ எடுடி” என்று பக்கத்து சீட்காரியிடம் தள்ளிவிடுவாள். வீட்டில் முழங்காலிட்டாலும் காது மட்டும் மணிச் சத்தத்துக்கே காத்துக் கிடந்தது. இத்தனை நாளில் ஒரு ஜெபம்கூட ஆமென் வரை போய்ச் சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையே அவள் கணவருக்காக எழுந்து நின்றது. “நீங்களே ஜெபத்தை நடத்துங்கம்மா” என்று போதகர் மைக்கைக் கொடுத்தார். கண்ணை மூடினாள். “பரலோகப் பிதாவே, உம்முடைய...” அந்த நேரம் பார்த்து யாருடைய பையிலோ ஒரு போன் அடித்துத் தொலைத்தது. வாய் பழக்கதோஷத்தில் போய்விட்டது:

“கொஞ்சம் லைன்ல இருங்க!”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, பாட்டுக்குழுவே வாயைப் பொத்திக்கொண்டது. மீதி ஜெபத்தைப் போதகர் அவசரமாக முடித்துவைத்தார்.

வாசலில் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். “என்ன அண்ணி, ஆண்டவரையே காத்திருக்கச் சொல்லிட்டீங்க?”

“பதினோரு நாளா அவர்தானே என்னைக் காக்க வச்சிருக்கார்!” என்று வெடித்தாள். “நான் போனை வச்சேனா? வைக்கலையே!”

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. நாத்தனாரின் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

திங்கட்கிழமை காலை சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து சீட்காரி டீ குடிக்கப் போயிருந்தாள். மூன்று தடவை அடிக்கவிட்டு எடுத்தாள்.

“ஐ.சி.யூ. நர்ஸ் பேசுறேன். நாலாம் பெட்டுக்கு நியூரோ டாக்டர் வேணும், உடனே!”

நாலாம் பெட் அவள் கணவருடையது. என்ன ஆயிற்று என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் போர்டில் உட்கார்ந்தவள் கேள்வி கேட்கக் கூடாது. இணைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் அந்த விதியை அவள் மீறியதில்லை. நம்பரை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது, டாக்டர் எடுக்கவில்லை.

“கொஞ்சம் லைன்ல இருங்க,” என்றாள். நர்ஸுக்குச் சொன்னாளா, மேலே இருக்கிறவருக்குச் சொன்னாளா, அவளுக்கே தெரியாது. குரல் உடைந்தது. “போயிடாதீங்க.”

“எங்கேயும் போகலைக்கா,” என்றது அந்தப் பக்கம். “இங்கேதான் இருக்கேன்.”

டாக்டர் எடுத்தார். இருவரையும் இணைத்துவிட்டுத் தன் ரிசீவரை வைத்தாள். நல்ல செய்தியா, கெட்ட செய்தியா, இன்னும் தெரியாது.

“ஆமென்,” என்றாள்.