சி டிரைவில் இருந்த தேதிகள்

போன வாரம் என் மடிக்கணினி திடீரென்று ஒரு கேள்வி கேட்டது. புதிய பதிப்புக்கு மாறுகிறீர்களா என்றது. சரி என்று தட்டினால் அடுத்த கேள்வி: இருக்கும் கோப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளட்டுமா, இல்லை எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கட்டுமா. இரண்டு பெட்டிகள்தான், ஒன்றைத் தொட்டால் போதும். நான் அரைமணி நேரம் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். என் இடது புருவத்தில் ஆறு தையல் போட்ட தழும்பு ஒன்று உண்டு. அதைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. என் மனைவி பார்த்துவிட்டு, "யாரை அடிக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. நான் ஒன்றும் சாது இல்லை. எங்கள் வீட்டில் அப்பாவின் பெல்ட் காலையில் அவர் இடுப்பில் இருக்கும், சாயங்காலம் எங்கள் முதுகில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் புளியம் விளாறு. தெருவில் கோலிக்குண்டுக்கு ஒரு சண்டை, கிரிக்கெட்டுக்கு ஒரு சண்டை. அடி வாங்கியவன் அடுத்தவனைத் தேடுவான், அதுதான் எங்கள் ஊர் வழக்கம் என்று நம்பி வளர்ந்தேன். கம்ப்யூட்டர் மெக்கானிக் ஆன பிறகும் கை அடங்கவில்லை. மானிட்டர் மங்கினால் தலையில் ஒரு அறை, சிபியூ உறுமினால் விலாவில் ஒரு உதை. பாதி நேரம் சரியாகியும் விடும். அதனால் எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர் வேறு.

கடை கோரிப்பாளையத்தில், தர்காவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில் இருந்தது. முதலாளி ரஹீம் பாய். பழைய மானிட்டர் சூடாகும்போது உள்ளே இருக்கும் தூசி கருகி ஒரு வாசனை வரும். கீழே பிரியாணிக் கடையில் வெங்காயம் வதங்கும் வாசனை. இரண்டும் படியில் சந்தித்துக்கொள்ளும். இன்றைக்கும் எங்காவது தூசி கருகினால் எனக்குப் பசி எடுத்துவிடுகிறது.

விண்டோஸ் தொண்ணூற்றெட்டைத் தூக்கிவிட்டு எல்லோரும் எக்ஸ்பிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. மாறுவதற்கு இரண்டு வழி. பழையதை அழிக்காமல் அதன் மேலேயே புதியதை ஏற்றலாம். எதுவும் போகாது, ஆனால் மூன்று மணி நேரம் இழுக்கும், பழைய சீக்கும் கூடவே வரும். இல்லையென்றால் சி டிரைவை ஒரேயடியாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். சீக்கிரம் முடியும், வண்டி பறக்கும். எங்கள் கடையில் எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான், துடைத்துப் போடுவது. துடைக்கும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்போம்: "சி-ல வேணும்கிறது ஏதாச்சும் இருக்கா?" வீட்டுக்காரர் "ஒண்ணும் இல்லப்பா" என்பார். அப்புறம் கல்யாண போட்டோவைக் காணோம் என்று சட்டையைப் பிடிப்பார். கேட்டோமா இல்லையா என்று நாங்களும் பதிலுக்குப் பிடிப்போம்.

ஒரு சனிக்கிழமை காலை செல்லூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரன் பெயர் தனபாலன், கீழே பைப் கடை, மேலே வீடு. கம்ப்யூட்டர் அவன் மனைவி மங்கையக்காவுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்தது. சிபியூவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. அக்கா கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். சிம்மக்கல்லில் ஒரு அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பழசுல ஒரு துளி இருக்கக் கூடாது. கழுவித் தொடச்சுட்டுப் புதுசப் போடு" என்றான் தனபாலன்.

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவன் ஒன்றும் இல்லை என்றான். டீ கொண்டுவந்த அக்கா, "அழிக்காம மேலயே ஏத்த முடியும்ல தம்பி? என் டைப்பிங் வேலையெல்லாம் அதுல இருக்கு" என்றார்.

அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை வீசி அவர் கன்னத்தில் அறைந்தான். டீ என் முழங்காலில் கொட்டியது. கதவுக்குப் பின்னால் நின்ற ஐந்து வயதுக் குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டது, அழவில்லை. பழகிய பிள்ளை. அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "நீ வேலையப் பாருப்பா" என்றான்.

நான் வேலையைப் பார்த்தேன். மானிட்டரை அடிக்கத் தெரிந்த கைக்கு அன்றைக்கு மவுஸை நகர்த்தத்தான் தெரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சற்று நேரத்தில் கீழே பைப் லோடு வந்து நின்றது. இறக்குகிற ஆட்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே தனபாலன் படியிறங்கினான். அவன் தலை மறைந்ததும் அக்கா என் பக்கத்தில் வந்து கடகடவென்று சொன்னார்.

"எங்க ஊரு கொட்டாம்பட்டிப் பக்கம், தம்பி. நாளைக்கு மந்தையில எங்க விஷயமாக் கூடுறாக. போன தடவ அம்பலம் கேட்டாரு, எந்தத் தேதியில அடிச்சான், எத்தன தடவைன்னு. எனக்கு வாயே வரல. பொத்தாம்பொதுவாச் சொன்னா எப்படிம்மான்னு இவரு கூடவே அனுப்பிட்டாக. அதுலருந்து ஒண்ணு விடாம தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். இவருக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. நாளைக்கும் அதக் காட்டலைன்னா நானும் பாப்பாவும் இங்கயே கெடந்து சாக வேண்டியதுதான்."

மந்தை என்றால் ஊர் கூடும் பொதுவிடம், அம்பலம் என்றால் அந்தப் பகுதியில் ஊர்த் தலைவர். அவர் தீர்ப்புச் சொன்னால் சொன்னதுதான்.

அக்கா கோப்பைத் திறந்து காட்டினார். சுத்தமான தமிழ் எழுத்து. முதல் வரியில் தேதி. கீழே, சோற்றில் முடி, தட்டால் அடித்தார், நெற்றியில் நான்கு தையல் என்று இருந்தது. அலுவலகக் கடிதம் மாதிரி ஒரு சுருக்கம். மூன்று தேதிகளுக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

"மேலயே ஏத்திருங்க தம்பி. நான் எங்கயாச்சும் ஒளிச்சு வச்சுக்கிறேன்."

ஏற்றியிருக்கலாம். ஆனால் மேலே ஏற்றினால் திரையில் பழைய படமும் பழைய கோப்புகளும் அப்படியே இருக்கும், அவன் வந்து பார்த்தால் அக்காவோடு எனக்கும் சேர்த்து விழும். அந்தப் பயம் பாதி. எல்லாம் தெரியும் என்கிற மெத்தனம் பாதி. பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்துக் கோப்பை அதில் போட்டுக்கொண்டேன். "இந்தா எடுத்துட்டேன்ல, பயப்படாதீங்கக்கா. நானே பிரிண்ட் போட்டு நாளைக்கு மந்தைக்குக் கொண்டு வாரேன்" என்றேன். அவர் என்னை நம்பித் தலையாட்டினார். நான் சி டிரைவைத் துடைத்தேன். தனபாலன் திரும்பி வந்தபோது திரையில் இன்னும் முப்பத்தொன்பது நிமிடம் என்று ஓடிக்கொண்டிருந்தது. "சபாஷ்" என்று சொல்லி, அக்காவை அறைந்த அதே கையால் என் முதுகைத் தட்டினான்.

சாயங்காலம் கடையில் பிளாப்பியைப் போட்டுக் கோப்பைத் திறந்தேன். தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரே குப்பை.

விஷயம் இதுதான். அன்றைய கணினிக்குத் தமிழ் தெரியாது. நாம் எந்த விசையைத் தட்டினாலும் அது ஆங்கில எழுத்தாகத்தான் உள்ளே போகும். அதற்கு மேல் தமிழ் முகமூடி மாட்டிக் காட்டுவதுதான் பான்ட் எனும் எழுத்துரு. அச்சகத்துக்கு அச்சகம் பான்ட் வேறு. அக்காவின் பான்ட் சி டிரைவில் இருந்தது. நான் கோப்பை எடுத்துக்கொண்டு பான்ட்டைத் துடைத்துவிட்டேன். மேலேயே ஏற்றியிருந்தால் அது பத்திரமாக இருந்திருக்கும்.

"பான்ட் எங்கடா?" என்றார் ரஹீம் பாய். எந்த பான்ட் என்று கேட்டேன். "யா அல்லா" என்று பின்மண்டையில் ஒன்று வைத்தார். வாங்கிக்கொண்டேன், அது எனக்குச் சேர வேண்டியதுதான். கடையில் இருந்த பான்ட் அத்தனையும் மாட்டிப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான உளறல். சிம்மக்கல் அச்சகத்துக்கு ஓடினேன், பூட்டிக் கிடந்தது. கதவை உதைத்ததில் என் கட்டைவிரல் வீங்கியது. வேறு வழியில்லாமல் அந்தக் குப்பையையே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பதினோரு பக்கம் அச்சடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது, பாதி வழியில் இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மந்தையில் ஒரு ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். அம்பலத்துக்கும் தனபாலன் வகையறாவுக்கும் இரும்பு மடக்கு நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை. அக்காவின் அப்பா மேல்துண்டை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். அக்காவின் ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. சனிக்கிழமை நான் கிளம்பிய பிறகு வாங்கியது.

காகிதத்தைக் கொடுத்தேன். அம்பலம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். "இது என்ன எழவுப்பா? இங்கிலீசும் இல்ல, தமிழும் இல்ல."

தனபாலன் ஆட்கள் சிரித்தார்கள். "பாத்துக்கங்க மாமா, இவளுக்குப் பித்துன்னு நாஞ் சொல்லல?" என்றான் அவன். நான் பான்ட், சி டிரைவ் என்று எதையோ உளறினேன். அந்த மந்தையில் யாருக்கு அது புரியும்? பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன்.

அக்கா காகிதத்தை வாங்கி ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார். பிறகு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். காகிதத்தை ஒரு முழங்காலில் வைத்தார். மற்றதன் மேல் விரல்களை டைப்ரைட்டரில் வைப்பதுபோல வைத்தார். ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகப் பார்க்கப் பார்க்க விரல் அது அதற்குரிய இடத்தில் அழுந்தியது. எந்த விசையைத் தட்டினோமோ அந்த விசையின் எழுத்துத்தானே அந்தக் குப்பை. எட்டு வருஷம் தட்டிய விரல்களுக்கு அது தமிழ்தான்.

"ஆவணி மூணாம் தேதி" என்று வாசித்தார். "சோத்துல முடி. தட்டால அடிச்சாரு. நெத்தியில நாலு தையல்."

முந்தின நாள் நான் படித்த அதே வரி. "அதேதான், நான் கண்ணால படிச்சேன்" என்று கத்தினேன்.

அக்கா நிறுத்தவில்லை. டைப்பிங் வகுப்பில் டிக்டேஷன் சொல்வது போன்ற குரல். புரட்டாசியில் பெல்ட். ஐப்பசியில் பைப் துண்டு, இரண்டு விரல் முறிவு, மாடிப்படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னது. கார்த்திகையில் பாப்பாவின் கையில் சூடு. சிரித்தவர்கள் வாய் மூடிக்கொண்டார்கள். காற்றில் பக்கங்கள் பறக்காமலிருக்க நான் குனிந்து பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் பக்கத்தில் தனபாலன் எழுந்தான். உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கித் தூக்கி அக்காவின் தலையை நோக்கி ஓங்கி வீசினான். குனிந்திருந்த என் முகம் குறுக்கே இருந்தது. குறுக்கே பாய்ந்து காப்பாற்றினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எனக்கு ஓட நேரம் கிடைக்கவில்லை. புருவம் பிளந்து ரத்தம் காகிதத்தில் கொட்டியது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? அதுவரை ஒரு வார்த்தை பேசாத அக்காவின் அப்பா செருப்பைக் கழற்றினார். அவர் பின்னால் ஊரே எழுந்தது. தனபாலன் மண்ணில் உருண்டான், பல் தெறித்தது, நான்கு பேர் கையைப் பிடிக்க மற்றவர்கள் மிதித்தார்கள். ஒரு கண்ணில் ரத்தம் மறைக்க நானும் போய் விலாவில் மிதித்தேன். சுகமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அம்பலம் அதட்டி விலக்கிவிட்டபோது அக்கா இருந்த இடத்தை விட்டு அசைந்திருக்கவில்லை. "இன்னும் ஏழு பக்கம் இருக்கு. எல்லாரும் உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார்கள். அடித்தவர்கள், அடிபட்டவன், நான் எல்லோரும் உட்கார்ந்து கடைசி வரி வரை கேட்டோம். முடிந்ததும் அம்பலம் அக்காவின் அப்பாவைப் பார்த்து, "புள்ளையும் தாயும் இனி இங்கதான் இருப்பாக. அவன் ஊருக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்றார். பிறகு கோர்ட்டிலும் தீர்ந்தது, அதற்கு ஐந்து வருஷம் ஆனது.

ரஹீம் பாய் காலமாகி, கடை இருந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அச்சகம் இல்லை, அந்த பான்ட்டும் எங்கும் கிடைப்பதில்லை. பிளாப்பியைப் போடுவதற்குத் துளை உள்ள கணினியே இல்லை. கணினி இப்போது தமிழைத் தமிழாகவே வைத்துக்கொள்கிறது. கூட்டம் கூடிய மந்தையில் பாதியை நாலு வழிச் சாலை எடுத்துக்கொண்டது.

மடிக்கணினியின் கேள்விக்குப் பதில் சொல்லாமலே, மறுநாள் அந்தப் பதினோரு பக்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டாம்பட்டிக்குப் போனேன். இத்தனை வருஷம் என் பீரோவில்தான் கிடந்தது. அக்கா ரோட்டோரமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பாப்பா வேலைக்குப் போகிறாள். காகிதத்தை நீட்டி, "வாசிங்கக்கா பாப்போம்" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரல்களை மேஜைமேல் வைத்தார். ஒரு விரல் அழுந்தியது, இன்னொன்று எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. மறுபடி முதலிலிருந்து முயன்றார்.

"வரல தம்பி" என்றார். "வெரலு மறந்துபோச்சு."

அவர் முகத்தில் வருத்தம் தேடினேன். இல்லை. பக்கங்களின் துளை போட்ட ஓரங்களைக் கிழித்து அடுக்கி, ரத்தம் பட்ட தாளை மட்டும் உருவி, "இது ஒங்க பக்கம், நீங்க வச்சுக்கங்க" என்று என்னிடம் கொடுத்தார். மற்றதைத் திருப்பிப் பார்த்தார். "பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு" என்று சொல்லி, ரேஷன் கார்டை நகலெடுக்க வந்து நின்ற பெரியவருக்காக முதல் தாளை மெஷினுக்குள் வைத்தார்.