ஷூவுக்குள் இருந்த காட்டுப்பூனை

நேற்றைய மழையில் ஷூ நனைந்துவிட்டது. பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து வைத்தேன். காலையில் எடுத்தால், ஈரக் காகிதமும் தோலும் கலந்த அந்த வாசனை. உங்களுக்கு அது எதை ஞாபகப்படுத்துமோ, எனக்கு ஒரு காட்டுப்பூனையை.

சிரிக்காதீர்கள். தலைநகரின் அரசு குவார்ட்டர்ஸ் பகுதியான லக்ஷ்மிபாய் நகரில் நான் ஏழாவது படித்த குளிர்காலம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா பாத்திரம் தேய்த்த வீட்டுப் பையன் கழித்துப்போட்ட ஷூதான் எனக்கு. அளவு பெரியது. முனையில் காகிதம் அடைத்தும் நடந்தால் தபக் தபக் என்று சத்தம் வரும். "அரே, மொதல்ல ஷூ வருது, அப்புறம்தான் அவ வருவா" என்பான் பின்பெஞ்சு ரமேஷ்.

ஒருநாள் ஈரமாகிவிட்ட காகிதத்தை எடுத்து விரித்தேன். ஏதோ ஆங்கிலப் பத்திரிகையின் வண்ணப் பக்கம். அதில் ஒரு காட்டுப்பூனையின் படம். காது நுனியில் கறுப்புக் குஞ்சம், யாரையும் மதிக்காத பார்வை. லிங்க்ஸ் என்று போட்டிருந்தது. அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தேன். வடக்கே பனிக்காடுகளில் தனியாகத் திரியும். முயல் பிடித்துத் தின்னும். குட்டிகளைத் தாய் மட்டுமே வளர்க்கும். பாதம் மட்டும் உடம்புக்குச் சற்றும் பொருந்தாமல் பெரியது. அந்தப் பாதத்தால்தான் பனியில் புதையாமல் நடக்கிறது.

பள்ளி விழாவில் விலங்குகளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. மற்றவர்கள் புலி, மயில் என்றார்கள். நான் லிங்க்ஸ் என்றேன். ஒத்திகையில் டீச்சர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் பேசற. ஆனா மேடைல அந்த ஷூ சத்தம் நல்லா இருக்காதும்மா. நீ பின்னால நில்லு. நீ எழுதினத சுதா படிக்கட்டும்."

அப்போது தலையாட்டிவிட்டு வந்தேன். விழா அன்று சுதா எழுந்திருப்பதற்குள் நான் மேடைக்கு நடந்துவிட்டேன். மரப்பலகை மேடை. தபக் தபக். லிங்க்ஸ் சத்தமில்லாமல் நடக்குமாம். நான் அந்த ஜாதி இல்லை.

"ஷூ வந்துடுச்சு!" ரமேஷின் குரல். கூடமே சிரித்தது. சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு ஒரு காலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினேன்.

"லிங்க்ஸ் பாதமும் இப்படித்தான், உடம்பவிடப் பெருசு. சின்னக் காலா இருந்தா பனியில புதைஞ்சிடும்."

அதன்பின் எல்லாவற்றையும் நானே சொல்லி முடித்தேன். டீச்சர் தடுக்கவில்லை. சுதாதான் முதலில் கைதட்டினாள்.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "பேசுனியா?"

"பேசினேன்."

"ஷூவப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"நானே சொல்லிட்டேம்மா."

அந்தப் பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். பலகை மேடையும் இல்லை. இப்போது என் சம்பளத்தில் என் அளவுக்கு ஷூ வாங்குகிறேன். நடந்தால் துளிச் சத்தம் கிடையாது. அலுவலகத்தில் பெரிய மனிதர்கள் கூடியிருக்கும் அறைக்குள் நுழையும்போது மட்டும் அந்தச் சத்தம் இல்லாதது குறையாகத் தோன்றும். கொஞ்சம் அழுத்தியே நடக்கிறேன்.