மூன்று தட்டலில் கிடைக்கும்

அஞ்சலினா மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, விரலைத்தான் பார்ப்பாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஓர்ஸ் ஹில்லில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இயங்கும் 'உறவுத்திரை' என்ற காணொளிச் சேவையின் முகப்பை வடிவமைத்தவள் அவள். கைப்பேசியில் செயலியைத் திறந்ததும் எந்தப் படம் பெரிதாக நிற்பது, எந்த வரிசை மேலே வருவது, எந்தப் பொத்தான் எந்த மூலையில் இருப்பது என்பதெல்லாம் அவளுடைய முடிவு. அவளுடைய தாய் ஞானமலருக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. "படத்த எங்க வைக்கிறதெண்டு யோசிக்கிறதும் ஒரு உத்தியோகமோ பிள்ளை?" என்று கேட்பார். ஓம் என்றால், "அப்ப வைச்சிட்டு வெள்ளன வீட்ட வரலாம்தானே" என்பார்.

உறவுத்திரை சினிமா காட்டுவதில்லை. கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, கோயில் திருவிழா, சேர்ச் பெருநாள், செத்தவீடு எல்லாவற்றையும் நேரலையாகக் காட்டும். பார்ப்பவர்கள் கனடாவிலும் சுவிஸிலும் மெல்பேணிலும் இருப்பார்கள். பாதிச் சொந்தம் வெளிநாட்டில் இருந்தால் நல்லது கெட்டதுக்கு இப்படித்தான் வந்துபோக வேண்டியிருக்கிறது.

அஞ்சலினாவின் மேசைக்கு நேரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'மூன்று தட்டலில் கிடைக்காதது இல்லாததற்குச் சமம்.' எழுதியவளும் அவள்தான். புதிதாக எதைச் செய்தாலும் கீழே மருந்துக்கடையில் வேலை செய்யும் றம்ஸியாவைக் கூப்பிட்டு, கதிரை கொடுத்து, மின்விசிறியைப் போட்டு, தேத்தண்ணியும் கொடுத்து, "இன்ன கலியாணத்தக் கண்டுபிடியுங்கோ" என்று சொல்லிவிட்டு செக்கன்களை எண்ணுவாள். கட்டைபறிச்சான் கிராமத்துக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களையும் விட்டுவைத்ததில்லை. அவர்கள் தடுமாறினால் உதவமாட்டாள். உதவினால் சோதனை கெட்டுவிடும். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். அதையும் குறித்துக்கொண்டாள்.

போன வருசம் ஒரு மணப்பெண்ணின் தாய் மேல்மாடிக்கே ஏறி வந்து சத்தம் போட்டார். 'இப்போது அதிகம் பார்ப்பது' என்ற வரிசையில் அவருடைய மகளின் கூறைச்சேலைப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சவப்பெட்டி நின்றதாம். நின்றது உண்மைதான். அந்த வரிசையில் செத்தவீடுதான் எப்போதும் முதலில் வரும். கலியாணத்துக்குச் சொன்னால்தான் வருவார்கள், செத்தவீட்டுக்குச் சொல்லாமலே வருவார்கள். உறவுத்திரையின் முதலாளி மதுசன் அன்றே சொல்லிவிட்டார். "அஞ்சலினா, செத்தவீட்டக் கண்ணில படாம வையுங்கோ. ஆனா தேடினாக் கிடைக்கவும் வேணும்."

அவள் ஒரு கிழமை யோசித்தாள். இடப்பக்கம் மேலே மூன்று கோடு. அதைத் தட்டினால் ஒரு மெழுகுதிரிச் சின்னம். அதைத் தட்டினால் 'நினைவுகள்' என்ற பக்கம். அங்கே உரிய படத்தைத் தட்டினால் நேரலை. மொத்தம் மூன்று தட்டல். 'செத்தவீடு' என்று எழுதுவது கொச்சையாக இருக்குமென்று 'நினைவுகள்' என்று வைத்தவளும் அவள்தான். றம்ஸியா தேத்தண்ணியை ஒரு கையில் பிடித்தபடி ஒன்பது செக்கனில் கண்டுபிடித்தார். அஞ்சலினாவுக்கு அன்று முழுக்கச் சந்தோசம்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஞானமலர் இறந்துபோனார்.

அண்ணன் அஞ்சலோ சுவிஸில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. அவனுடைய அகதி வழக்கு ஒன்பது வருசமாக முடியவில்லை. சுவிஸை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக ஏலாது. தாயின் முகத்தை அவன் பார்ப்பதென்றால் உறவுத்திரையில்தான் பார்க்கலாம். மதுசன் தன்னுடைய சிறந்த கமராக்காரன் ரஜீவனை அனுப்பினார். அடக்க நாளன்று அஞ்சலினா காலையிலேயே அண்ணனுக்கு இணைப்பை அனுப்பிவிட்டாள். எந்த இணைப்பைத் தட்டினாலும் முதலில் முகப்புத்தான் திறக்கும். எல்லாரும் முகப்பைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது மதுசனின் கொள்கை.

மூன்று மணிக்குப் பெட்டி மூடுவதாக ஏற்பாடு. மூன்றுக்குப் பத்து நிமிசம் இருக்க அவளுடைய கைப்பேசி அடித்தது.

"அம்மாவக் காணேல்ல," என்றான் அஞ்சலோ. "ஒரு பொம்பிளப்பிள்ள கூறையோட சிரிச்சுக்கொண்டு நிக்குது."

"அண்ணா, இடப்பக்கம் மேல மூண்டு கோடு இருக்கு பாருங்கோ. அத அமத்துங்கோ."

"எந்தக் கோடு? கண்ணாடியும் கொண்டு வரேல்ல." அவன் குசினியின் பின்கதவடியில் நின்று அழுதுகொண்டிருந்தான். "தேடுற இடத்தில அம்மா எண்டு அடிச்சனான். ஆற்றையோ அம்மாமார் நாலு பேர் கேக் வெட்டீனம்."

அஞ்சலினா தாயின் தலைமாட்டில் நின்று பொத்தான்களை விளங்கப்படுத்தினாள். "இந்த நேரத்திலயும் வேல பாக்கிறாளே," என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. வீடியோ கோல் எடுத்து நேரே முகத்தைக் காட்டியிருக்கலாம். அது அவளுக்கு அன்று மாலை ஆறு மணிக்குத்தான் தோன்றியது. தன்னுடைய திரையில் கிடைக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை.

அவள் செபமாலை சொல்லி முடித்த ஃபாதரின் காதருகில் போய், "செபமாலையில இன்னும் ஒரு பத்து மணி சொல்லுவமா ஃபாதர்? அண்ணாவுக்கு இன்னும் கிடைக்கேல்ல," என்றாள். ஃபாதர் அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி தொடங்கினார். செபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து தேவ இரகசியம்தான். அன்று ஆறு சொன்னார்கள். அதைக் கவனித்தது பக்கத்து வீட்டுக் கனகம்மா மட்டும்தான், அவரும் சைவ சமயத்தவர்.

"மெழுகுதிரி ஒண்டு கிடக்கு," என்றான் அஞ்சலோ.

"அதுதான். அதுக்குள்ளதான்."

"அதுக்குள்ளயோ? செத்தவீடு எண்டு எழுதினா என்ன, பிள்ளை?"

அவன் தட்டினான், பெயரைத் தேடிப் பிடித்துத் தட்டினான். முதலில் ஒரு கலியாண மண்டபத்தின் விளம்பரம் மேளத்தோடு பதினைந்து செக்கன் ஓடியது. அதைத் தாண்ட ஏலாது. அது அவள் வைத்ததல்ல, ஆனால் அதற்கான இடத்தை ஒதுக்கிக் கொடுத்தவள் அவள். கைப்பேசிக்குள் நாதஸ்வரம் கேட்டது. பிறகு அமைதியானது.

"தெரியுது," என்றான்.

சேர்ச்சில் பூசைக்கு நேரமாகியிருந்தது. ஃபாதர் தலையசைக்க, ஆட்கள் மூடியைத் தூக்கிப் பொருத்தி ஆணியை முடுக்கினார்கள். அஞ்சலினாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அப்போதுதான் காதில் அண்ணனின் குரல் கேட்டது.

"அம்மா வடிவா இருக்கிறா, என்ன? இன்னும் மூடேல்லத்தானே?"

இங்கே நடப்பது அங்கே தெரிய நாற்பது செக்கன் ஆகும். நேரலையின் அந்தத் தாமதத்தைப் பற்றி மதுசனோடு அவள் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறாள். மூடிய பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, "இல்ல அண்ணா," என்றாள். "வடிவாப் பாருங்கோ."

தாயின் எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்து வேலைக்குப் போனதும் அவள் முகப்பை மாற்றினாள். திறந்ததும் இனி பெரிய படம் இல்லை. 'கலியாணம்', 'கோயில், சேர்ச்', 'செத்தவீடு' என்று மூன்று பெரிய பொத்தான்கள், கண்ணாடி இல்லாமல் வாசிக்கிற அளவு எழுத்தில். செத்தவீட்டுக்கு விளம்பரம் கிடையாது. மதுசன் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்.

"இத எத்தின பேரிட்டச் சோதிச்சனீங்கள்?"

"பழசத்தான் சோதிச்சனான். ஒராளிட்ட."

"எவ்வளவு நேரம் எடுத்தது?"

"பதினொரு நிமிசம்."

அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பிறகு, அவளைச் சந்தோசப்படுத்த நினைத்தோ என்னவோ, "நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த அந்த நாப்பது செக்கனையும் இந்த மாசமே குறைச்சு விடச் சொல்லட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம்," என்றாள் அஞ்சலினா. "அது கிடக்கட்டும்."