புது ஸ்பீக்கரில் முழங்கிய தங்கை

காரோடு வந்த ஸ்பீக்கரில் பாட்டின் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்று என் கணவர் புலம்பிக்கொண்டே இருந்தார். "நாம போறது தேவகோட்டை வரைக்குந்தான். அதுக்கு எதுக்குப் புதுசு?" என்று நான் தடுத்தேன். கேட்காமல், காரைக்குடியில் ஒரு கடையில் மாற்றிவிட்டார். சத்தம் துல்லியமாகத்தான் இருந்தது.

மறுவாரம் எங்கள் மகளின் மாமியார் வந்திருந்தார். அவரைக் கோவிலூர் கோவிலுக்கு அழைத்துப் போகும் வழியில் என் தங்கை போன் செய்தாள். போன் காரோடு இணைந்திருந்ததை மறந்து எடுத்துவிட்டேன். நாலு கதவுகளிலிருந்தும் அவள் குரல் முழங்கியது.

"என்னக்கா, ஒன் சம்பந்தி ஊருக்குக் கெளம்பிட்டாகளா? எதை ஆக்கிப் போட்டாலும் குத்தம் சொல்றாகன்னு சொன்னியே!"

பதறிய கணவர் சத்தத்தைக் குறைக்கப் போய்க் கூட்டிவிட்டார். தங்கை சிரித்த சிரிப்பில் கண்ணாடியே அதிர்ந்தது. மகளின் வாழ்க்கையை நினைத்து, போனைத் துண்டிக்கப் பொத்தானைத் தேடினேன்.

பின் இருக்கையிலிருந்த சம்பந்தி முன்னால் சாய்ந்து, "இன்னும் கெளம்பல ஆத்தா. புளிக்குழம்புல உப்பு கூடன்னேன், அது ஒரு குத்தமா?" என்றார். தங்கை போனை வைத்துவிட்டாள். கோவில் வரும்வரை சம்பந்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இப்போதெல்லாம் காரில் ஏறியதும் முதல் வேலையாக ப்ளூடூத்தை அணைத்துவிடுகிறேன். குழம்பில் உப்பையும் குறைத்துத்தான் போடுகிறேன்.